மூங்கில் தப்பையும் மாவுக்கட்டும்: ஒடிஞ்ச கையின் கதை

மரவள்ளி நடவு, கரும்பு வெட்டுன்னு வேலை நெருக்கி, ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல. போன வாரம் நடந்த ஒரு விஷயம் எழுத உட்கார வச்சிடுச்சு.

பக்கத்து வீட்டுப் பையன், பதினோரு வயசு. புளியமரத்துல ஏறி கிளையை உலுக்கினவன், கிளையோட சேர்ந்து கீழ வந்துட்டான். கையை ஊன்றி விழுந்திருக்கான். நான் ஓடிப் போய்ப் பார்த்தா, மணிக்கட்டுக்கு நாலு விரக்கடை மேல கை லேசா வளைஞ்சிருக்கு. பையன் அழக்கூட இல்ல, வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தான். அவனோட ஆயா, "எங்கயும் போக வேணாம், மலையடிவாரத்துல கட்டு கட்டிட்டு வந்துடலாம், மூணு கட்டுல சரியாயிடும்"னு சொல்லுச்சு. அவன் அம்மா, "எக்ஸ்ரே எடுக்காம யார்கிட்டயும் காட்ட மாட்டேன்"னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தாங்க. "மாமா, நீங்க சொல்லுங்க."

நான் சொன்னது என்னன்னு கடைசியில சொல்றேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி என் மனசுல ரெண்டு கை வந்து போச்சு. ஒண்ணு எங்க அப்பாவோடது. இன்னொண்ணு என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தனோடது. அந்த ரெண்டு கைக்கும் நடுவுலதான் இந்தக் கதை முழுக்க இருக்கு.

அப்பாவின் மணிக்கட்டு

எண்பதுகளின் தொடக்கம். எங்க கிணத்துக்கு அப்ப கரண்டு வரல, ஆயில் இஞ்சின்தான். அதை ஸ்டார்ட் பண்றது ஒரு வித்தை. வால்வைத் தூக்குற லீவரை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஹேண்டிலை வேகமா சுத்தணும். வேகம் ஏறினதும் லீவரை விடணும். சுத்து போதலன்னா இஞ்சின் எதிர்ப்பக்கமா ஒரு உதை உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து கையில அடிக்கும். அதனாலதான் பழைய ஆளுங்க, "கட்டைவிரலை ஹேண்டிலைச் சுத்தி மடக்காதே, மத்த விரலோட ஒரே பக்கமா வச்சுக்கோ"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. உதைச்சா கை வழுக்கி வெளிய வந்துடும்.

அப்பாவுக்கு அது தெரியும். ஆனா அன்னிக்குக் காலையில அவசரம். மணிக்கட்டு ஒடிஞ்சது.

இந்த முறிவுக்கு இங்கிலீஷ் டாக்டர்கள் வச்ச பேரு "ஷோஃபர் முறிவு"ன்னு பல வருஷம் கழிச்சுப் படிச்சேன். ஷோஃபர்னா கார் டிரைவர். நூறு வருஷத்துக்கு முன்னாடி காரையும் முன்னால நின்னு ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பணும். அதுவும் இப்படியேதான் உதைச்சு, டிரைவர் மணிக்கட்டை ஒடிச்சிருக்கு. பாரிஸ் தெருவுல கார் டிரைவருக்கு வந்த அதே முறிவு எங்க கிணத்து மேட்டுல அப்பாவுக்கும் வந்திருக்கு.

அடிவாரத்துல இருந்த ஒரு கட்டு வைத்தியர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போனாங்க. நானும் போனேன். அவர் முதல்ல கையைத் தொடவே இல்ல. அப்பாவைப் பேசவிட்டுக் கேட்டுட்டே, விரல் ஒவ்வொண்ணா அசைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு ஆளை முழங்கைக்கு மேல பிடிச்சுக்கச் சொல்லிட்டு, கையை நீளவாக்குல மெல்ல இழுத்தார். அப்பா ஒரு சத்தம் போட்டார், அவ்வளவுதான். கட்டைவிரலால தடவி எலும்பு உட்கார்ந்துடுச்சான்னு பார்த்தார். முட்டை வெள்ளைக்கருவுல உளுந்து மாவைக் குழைச்சுத் துணியில தடவிச் சுத்தினார். அதுக்கு மேல, மெலிசா சீவி முனை மழுக்கின மூங்கில் தப்பை. அதைத் துணிக்கிழிசலால மூணு இடத்துல கட்டினார். கட்டினதும் ஒவ்வொரு கட்டுக்குள்ளயும் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். நுழையாத இடத்துல அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"விரல் வீங்கினாலோ மரத்துப் போனாலோ நடுராத்திரியா இருந்தாலும் அவுத்துட்டு வா"ன்னார். அடுத்த நாளே வரச் சொல்லிப் பார்த்தார். கட்டு பிரிச்ச பிறகு, ஈரக் களிமண்ணை உருண்டை பண்ணிக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னார். அப்பாவோட மணிக்கட்டு லேசான கோணலோட கூடுச்சு. ஆனா அந்தக் கையாலதான் கடைசி வரைக்கும் ஏர் பிடிச்சார்.

ரெண்டு எலும்பின் கதை

முன்கையில ரெண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருக்கறது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருக்கறது அல்னா. உள்ளங்கையை மேல பார்க்க நீட்டினா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். கையைக் கவிழ்த்தா ரேடியஸ் போய் அல்னா மேல குறுக்கா படுத்துக்கும். கோயில்ல திருநீறு வாங்கக் கையை ஏந்துறதும், வயல்ல நாத்து ஊனக் கையைக் கவிழ்க்கிறதும் இந்த ரெண்டு எலும்போட ஏற்பாடுதான். தொடை எலும்பு கொஞ்சம் கோணலாக் கூடினாலும் நடந்துடலாம். முன்கை கோணலாக் கூடினா, கையைத் திருப்ப முடியாமப் போயிடும்.

கீழ விழறப்ப மனுஷன் கையை நீட்டித்தான் ஊனுவான். உடம்போட மொத்த பாரமும் மணிக்கட்டு வழியா ஏறும். அதனால உலகம் பூரா, எல்லாக் காலத்துலயும் அதிகமா ஒடியுற எலும்புல முன்கையும் மணிக்கட்டும் முன்னாடி நிக்குது. சின்னப் பசங்களுக்கு எலும்பு முழுசா ஒடியாம, பச்சைக்குச்சி மாதிரி ஒரு பக்கம் விண்டு ஒரு பக்கம் வளையும். டாக்டர்கள் இதுக்கு வச்ச பேரே "பச்சைக்குச்சி முறிவு"தான். பச்சை ஆமணக்குக் குச்சியை ஒடிச்சுப் பார்த்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல.

4000 வருஷத்துக்கும் முந்தின தப்பை

உலகத்துலயே பழைய தப்பைக்கட்டு எகிப்துல கிடைச்சிருக்கு. நைல் நதிக்கரையில நாகா எட்-டெர்ங்கிற இடத்துல ஒரு கல்லறைக் கூட்டத்தைத் தோண்டினப்ப, கட்டோடவே புதைச்ச ரெண்டு உடம்பு வந்துச்சு. ஒருத்தருக்குத் தொடை எலும்பு, இன்னொருத்தருக்கு முன்கை. முன்கைக்கு வேலமரப் பட்டையைத் தப்பையா வச்சு, நார்த்துணி சுத்தியிருந்தாங்க. கெய்ரோவுல உடற்கூறு பேராசிரியரா இருந்த கிராஃப்டன் எலியட் ஸ்மித் 1908-ல இதை ஒரு மருத்துவ இதழ்ல எழுதினார். காலம் சுமார் 4400 வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டு பேருக்கும் எலும்பு கூடத் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள உயிர் போயிருக்கு. கட்டினவர் கட்டிட்டார், காப்பாத்த முடியல.

ஆனா அதே எலியட் ஸ்மித், பக்கத்துல நூபியாவுல ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகளைப் பார்த்தப்ப, முன்கை ஒடிஞ்சு நல்லாக் கூடின எலும்பு நிறைய இருந்துச்சு. கம்பால அடிக்க வந்தவனைக் கையைத் தூக்கித் தடுத்ததால ஒடிஞ்சதுன்னு அவர் நினைச்சார். சிலம்பம் பார்த்து வளர்ந்த நமக்கு அது சட்டுன்னு புரியும். எக்ஸ்ரே இல்ல, மயக்க மருந்து இல்ல. ஆனா எலும்பு கூடியிருக்கு. எலும்பைக் கூட்டுறது வைத்தியர் இல்ல, உடம்புதான். வைத்தியரோட வேலை நேரா வச்சு, ஆடாம பார்த்துக்கறது மட்டும்தான்.

நம்ம நாட்டுல சுஸ்ருத சங்கிதையில முறிவு வைத்தியத்துக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. தப்பைக்கு எந்தெந்த மரம்னு ஒரு பட்டியல்: இலுப்பை, அத்தி, அரசு, புரசு, மருது, ஆல், மூங்கில். நம்ம ஊரு ஏரிக்கரையில ஒரு சுத்து சுத்தினா பாதிக்கு மேல கிடைச்சிடும். கட்டை எப்ப மாத்தணும்னும் கணக்கு இருக்கு: குளிர் காலத்துல 7 நாளுக்கு ஒரு தடவை, மிதமான காலத்துல 5, வெயில் காலத்துல 3. வயசுக் கணக்கும் இருக்கு: சின்ன வயசுல ஒரு மாசத்துல கூடுறது, நடு வயசுல ரெண்டு மாசம், முதுமையில மூணு மாசம். இன்னிக்கு டாக்டர்கள் மணிக்கட்டுக்குச் சொல்றது பசங்களுக்கு மூணு நாலு வாரம், பெரியவங்களுக்கு ஆறு வாரம் அளவுல. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

அதுல ரெண்டு இடம் என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. ஒண்ணு: கட்டு தளர்ந்தா எலும்பு நிக்காது, இறுகினா வீக்கம், வலி, சீழ் வரும், அதனால நடுத்தரமாக் கட்டணும்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க. ரெண்டாவது: உள்ளங்கை முறிவு தேறினதும் முதல்ல மண் உருண்டையைப் பிடிக்கணும், அப்புறம் உப்புக்கட்டி, பலம் வந்ததும் கல். எங்க அப்பாவுக்குக் களிமண் உருண்டை கொடுத்த அந்த அடிவாரத்து மனுஷன் எழுத்தே படிக்காதவர். அந்த உருண்டை எத்தனை கை மாறி அவர்கிட்ட வந்துச்சோ.

முட்டை, மாவு, ஜிப்சம்

முட்டை வெள்ளைக்கரு நம்ம ஊருச் சரக்குன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின் கோர்தோபாவுல இருந்த அல்-சஹ்ராவி, மாவு மில்லுல சுவத்துல படியுற மாவுத் தூசியை முட்டை வெள்ளைக்கருவுல குழைச்சுக் கட்டச் சொல்லியிருக்கார். நெப்போலியன் படையில இருந்த லாரே என்ற அறுவை மருத்துவரும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத்தான் கட்டியிருக்கார். பெல்ஜியத்துல சூட்டின் என்பவர் 1830-கள்ல கஞ்சியில நனைச்ச துணியால கட்டினார். வேட்டிக்குக் கஞ்சி போட்டா விறைக்கிற அதே கணக்கு. எல்லாரும் தேடினது ஒண்ணுதான்: ஈரமா இருக்கறப்ப கையோட வடிவத்துக்கு வளையணும், காஞ்சதும் விறைச்சு நிக்கணும். கஞ்சிக்கட்டு காய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள எலும்பு நகர்ந்துடும். அதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலை 1851-ல தீர்த்தவர் ஹாலந்து ராணுவ மருத்துவர் மாத்தைசன். பருத்தித் துணியில ஜிப்சம் பொடியைத் தேய்ச்சு வச்சு, தேவைப்படறப்ப தண்ணியில நனைச்சுச் சுத்தினார். சில நிமிஷத்துல இறுகிடுச்சு. அதே காலத்துல ரஷ்யாவுல பிரோகோவ் என்ற மருத்துவர் கிரிமியப் போர்ல இதைப் பெரிய அளவுல பயன்படுத்தினார். இதைத்தான் நாம மாவுக்கட்டுன்னு சொல்றோம். மாவே கிடையாது, ஆனா பேரு மட்டும் மாவு. முன்னாடி மாவைக் குழைச்சுக் கட்டினவங்க வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் அதே பேரைச் சொல்லியிருப்பாங்கன்னு நான் நினைச்சுக்கறேன்.

மணிலாக்கொட்டை போடறவங்களுக்கு ஜிப்சம் புதுசு இல்ல. நட்ட நாப்பது, நாப்பத்தஞ்சாம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைப்போம், காய் திரட்சியா வரும்னு. அதே ஜிப்சத்தை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினா அதுல இருக்கிற தண்ணி முக்கால்வாசி போயிடும். திரும்பத் தண்ணி ஊத்தினா இழந்த தண்ணியை இழுத்துக்கிட்டுக் கல்லா மாறும், அப்ப சூடும் வரும். கையில கட்டறப்ப வெதுவெதுன்னு இருக்கறது அதனாலதான்.

பார்க்காமலே கண்டுபிடிச்சவர்

மணிக்கட்டு முறிவை ஐரோப்பாவுல ரொம்ப காலம் மூட்டு பிசகுன்னே நினைச்சுக்கிட்டிருந்தாங்க. பிரான்ஸ்ல பூத்தோ என்பவர் அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தாலும், 1814-ல அயர்லாந்து டப்ளின்ல ஆப்ரஹாம் காலிஸ் என்ற மருத்துவர், இது பிசகு இல்ல, ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுக்கு ஒண்ணரை அங்குலம் மேல ஒடியுறதுன்னு தெளிவா எழுதினார். இன்னிக்கும் அது "காலிஸ் முறிவு"தான். வயசான அம்மாக்கள் வழுக்கி விழுந்து கை ஊன்றினா வர்றது பெரும்பாலும் இதுதான். பக்கவாட்டுல பார்த்தா முள்கரண்டியைக் கவிழ்த்து வச்ச மாதிரி வளைஞ்சிருக்கும். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சது 1895-ல. அதுக்கு 81 வருஷம் முன்னாடி, விரலால தடவியே சொன்னவர் காலிஸ். ராண்ட்கன் எடுத்த பேர்பெற்ற முதல் படத்துல இருக்கறதும் ஒரு கைதான், அவர் மனைவியோட கை.

சென்னையில பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-ல வந்துச்சு. ஆனா கல்வராயன் மலைக்கு? மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை 1976-லதான் அரசோட நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதுக்கப்புறம்தான் ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் ஒண்ணொண்ணா. மேல கை ஒடிஞ்சா டோலி கட்டித் தூக்கிட்டு இறங்கணும். அடிவாரத்துக்கு வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரின்னா சேலம், இல்லன்னா பாண்டிச்சேரி ஜிப்மர். மூங்கில் மட்டும் பக்கத்துலயே இருந்துச்சு. ஆட்டுக்கால் ஒடிஞ்சா கட்டிப் பழகின கை, மனுஷனுக்கும் கட்டுச்சு. எங்க சனங்க கட்டு வைத்தியரை நம்பினது மூடநம்பிக்கையால இல்ல. எட்டுற தூரத்துல இருந்தது அவர் ஒருத்தர்தான்.

1881

சென்னைக்காரங்களுக்குப் புத்தூர் கட்டு தெரிஞ்சிருக்கும். தெருவுக்குத் தெரு போர்டு தொங்குது. அசல் ஊர் ஆந்திராவுல புத்தூர் பக்கத்துல ராசப்பாளையம். கேசவராஜு என்பவர் 1881-ல அங்க தொடங்கினதா சொல்றாங்க. வேட்டைக்குப் போனப்ப ஒரு பச்சிலையோட குணம் தெரிய வந்துச்சுங்கிறது கதை. முட்டை, பச்சிலை, மூங்கில் தப்பை, துணி, இதுதான் கட்டு. இன்னிக்கு வரைக்கும் அந்தக் குடும்பத்தார் கட்டிட்டு இருக்காங்க.

அதே 1881-ல ஜெர்மனி ஹாலே ஊர்ல ரிச்சர்ட் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். கை முறிவுக்குக் கட்டு போட்ட சிலருக்கு, எலும்பு நல்லாக் கூடியும், விரல்கள் கழுகு நகம் மாதிரி மடங்கி விறைச்சுப் போறதை அவர் கவனிச்சார். காரணத்தையும் சொன்னார்: கட்டு இறுக்கம். ஒடிஞ்ச கை வீங்கும். வெளிய கட்டு விடாது. அப்ப உள்ள அழுத்தம் ஏறி, சதைக்கு ரத்தம் போறது நின்னுடும். ஆறு மணி நேரம் அளவுல சதை சாக ஆரம்பிச்சிடும். செத்த சதை நார் மாதிரி சுருங்கி, விரலை இழுத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் திரும்பாது.

கவனிங்க, ஃபோல்க்மன் எழுதினது நாட்டு வைத்தியரைப் பத்தி இல்ல. படிச்ச டாக்டர்கள் போட்ட கட்டைப் பத்தி. மாவுக்கட்டும் இறுகும், மூங்கில் கட்டும் இறுகும்.

இன்னொரு கை

இதைப் படிச்சப்பதான் என் கூட்டாளி நினைவுக்கு வந்தான். பேர் வேண்டாம். நாலாவது படிக்கிறப்ப நாவல் மரத்துல இருந்து விழுந்தான். அவனையும் ஒரு இடத்துல கட்டு கட்டினாங்க. எங்க அப்பாவுக்குக் கட்டினவர் இல்ல, வேற ஒருத்தர். ராத்திரி பூரா அழுதிருக்கான். "வலி இருந்தாத்தான் எலும்பு கூடும், பொறுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாம் நாள் அழுகை நின்னுடுச்சு. வலி குறைஞ்சிடுச்சுன்னு வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில உணர்ச்சியே போயிருக்கு. நாலாம் நாள் பிரிச்சப்ப விரலெல்லாம் கருநீலம்.

கை போகல. ஆனா விரல் அஞ்சும் உள்ளங்கைக்குள்ள மடங்கி அப்படியே நின்னுடுச்சு. வலது கை. இடது கையில எழுதப் பழகினான். அறுவாள் பிடிச்சதில்ல. பந்தியில பக்கத்துல உட்கார்ந்தா, அந்தக் கையைத் துண்டுக்குள்ள வச்சுக்குவான். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் ஒரு தடவைகூட அதைப் பத்திக் கேட்டதில்ல. போன பொங்கலப்போ அவனாவே சொன்னான்: "அந்த ராத்திரி யாராச்சும் ஒருத்தர் அவுத்திருந்தா போதும்டா."

அறுக்கக் கத்தி வேணாம், டாக்டர் வேணாம். ஒரு முடிச்சை அவுக்க ஒரு ஆள் போதும். அந்த வீட்டுல அன்னிக்கு அஞ்சு பேர் இருந்தாங்க. எல்லாருக்கும் அவன்மேல உசிரு. ஆனா கட்டினவர் சொல்லாம கட்டைத் தொடக்கூடாதுங்கிற பயம். வைத்தியர் மேல மரியாதை, பிள்ளை அழுகைக்கு மேல போயிடுச்சு.

ஒரு கட்டு வைத்தியர் பேரன்

இங்கிலாந்துப் பக்கமும் இதே சண்டை இருந்திருக்கு. வேல்ஸ்ல கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கின ஒரு பையன் வழியா வந்ததுன்னு சொல்ற ஒரு கட்டு வைத்தியர் பரம்பரை. அதுல வந்த எவன் தாமஸ் லிவர்பூல்ல கட்டு கட்டினார். டாக்டர்கள் அவர்மேல வழக்கு மேல வழக்கு போட்டாங்க. அவர் வெறுத்துப் போகல. தன் அஞ்சு பசங்களையும் டாக்டருக்குப் படிக்க வச்சார். அதுல ஒருத்தர் ஹியூ ஓவன் தாமஸ். பரம்பரைக் கைப்பழக்கமும் படிப்பும் ஒரே ஆள்கிட்டச் சேர்ந்துச்சு. அவர் பண்ணின தொடைத் தப்பையை அவர் மனைவி வழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போருக்குக் கொண்டு போனார். தொடை எலும்பு ஒடிஞ்சு வந்தவங்கள்ல நூத்துக்கு 80 பேர் செத்துக்கிட்டிருந்த இடத்துல, அது 20-ஆக் குறைஞ்சதுன்னு கணக்கு சொல்றாங்க.

நம்ம பக்கமும் கொஞ்சம் நடந்திருக்கு. பனாரஸ் பல்கலைக்கழகத்துல டாக்டர் உடுப்பா 1960-கள்ல பிரண்டையை எடுத்து, எலும்பு ஒடிஞ்ச விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதனை பண்ணி, எலும்பு கூடுறதுக்கு உதவுதுன்னு எழுதினார். வேலியில கிடக்கிற பிரண்டையை ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போனவர்னு எனக்கு அவர்மேல தனி மரியாதை. ஆனா பிரண்டை எலும்பை நேராக்காது. அது கட்டுறவர் கைவேலை.

சரி, நான் என்ன சொன்னேன்?

"ஆயா, நீ கேட்ட கட்டு நான் கட்டறேன். ஆனா ஆஸ்பத்திரி போற வரைக்கும்தான்"னு சொன்னேன்.

கையில கிடந்த மந்திரிச்ச கயித்தை முதல்ல அறுத்து எடுத்தேன். வீங்கினப்புறம் வளையல், மோதிரம், கயிறு எதுவும் கழலாது, அதுவே சுருக்கு ஆயிடும். எலும்பை நான் இழுக்கல, நேராக்கல. எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டேன். ரெண்டு பக்கமும் சின்னத் துண்டை மெத்தையா வச்சு, விதை வந்த அட்டைப்பெட்டியைக் கிழிச்சுத் தப்பையாக்கி, முழங்கையில இருந்து விரல் தொடங்குற இடம் வரைக்கும் வச்சேன். ஒடிஞ்ச இடத்துக்கு மேல இருக்கிற மூட்டும் கீழ இருக்கிற மூட்டும் ஆடாம இருக்கணும். துணியால தளர்வாக் கட்டினேன், ஒடிஞ்ச இடத்துக்கு நேரா முடிச்சு போடல. விரல் அஞ்சும் வெளிய. நகத்தை அழுத்தி விட்டேன், வெள்ளையான நகம் ரெண்டு நொடிக்குள்ள சிவந்துச்சு. ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். அப்புறம் துண்டைக் கழுத்துல போட்டு ஏணை மாதிரி கையைத் தொங்கவிட்டு, பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனோம். சாப்பிட எதுவும் கொடுக்கல, ஒருவேளை மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும்.

இப்ப நமக்கு சேலம், பாண்டிச்சேரி போக வேண்டியதில்ல. கள்ளக்குறிச்சி 2019-ல தனி மாவட்டம் ஆச்சு, 2022-ல சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. பச்சைக்குச்சி முறிவுதான். டாக்டர் பொண்ணு, சின்ன வயசு. கையைச் சுத்தி முழுசா மாவுக்கட்டு போடல. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கட்டு வச்சுத் துணி சுத்திச்சு. ஏம்மான்னு கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள் வீங்கும் ஐயா, இடம் விடணும். வீக்கம் வத்தினதும் முழுக்கட்டு போடலாம்"னுச்சு. அப்புறம் பையனோட ஆயாவைப் பார்த்து, "பாட்டி, ராத்திரி வலி கூடிக்கிட்டே போனாலோ, விரலை நீட்டிவிட்டா கத்தினாலோ, மரத்துப் போச்சுன்னு சொன்னாலோ, உடனே கூட்டிட்டு வாங்க, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க"ன்னுச்சு.

எனக்கு ஒரு நிமிஷம் அந்த அடிவாரத்து வைத்தியர் குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு.

நகரத்துல இருக்கிற நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். நாட்டுக் கட்டு கெட்டதுன்னோ, ஆஸ்பத்திரிக் கட்டு உசத்தின்னோ சண்டை போட இதை எழுதல. இன்னிக்கு எக்ஸ்ரே எட்டுற தூரத்துல இருக்கு, அதை எடுத்துடுங்க. மூட்டுக்குள்ள ஒடிஞ்சிருந்தா, எலும்பு தோலைக் கிழிச்சிருந்தா தடவிப் பார்த்து ஆகாது. ஆனா யார் கட்டினாலும், எங்க கட்டினாலும், முதல் ரெண்டு ராத்திரி வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்து அந்த விரலைப் பாருங்க. பிள்ளை அழுதா நம்புங்க.

பையன் இப்ப நல்லா இருக்கான். முதல் ராத்திரி அவன் ஆயா தூங்கவே இல்லையாம். மணிக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, அவன் எரிச்சலாகி, "விடு ஆயா, தூங்கணும்"னு கத்தியிருக்கான். மறுநாள் காலையில வேலியோரம் கிழவி பிரண்டை பறிச்சுட்டு இருந்துச்சு. துவையல் அரைக்கப் போகுதாம். நல்லெண்ணெய் தடவிக்கிட்டுப் பறி, கை அரிக்கும்னு சொன்னேன். "எனக்கே சொல்றியா"ன்னு கேட்டுச்சு.